தொடக்கநிலை காம்பாக்ட் கேமரா: பட்டன்களைக் கையால் சோதித்த பதிவு

தொடக்கநிலை காம்பாக்ட் டிஜிட்டல் கேமராவை மதிப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் அது எடுத்த படத்தைக் கணினித் திரையில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, ஓரங்களில் எவ்வளவு மங்கல், நிழலில் எவ்வளவு இரைச்சல் (புள்ளிபுள்ளியான கறை) என்று பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். இந்த வகைக் கேமராக்களில் பெரும்பாலானவற்றுள் இருப்பது 1/2.3 அங்குலம் எனப்படும், ஏறத்தாழ 6.2 மி.மீ. அகலமும் 4.6 மி.மீ. உயரமும் கொண்ட சென்சார்தான். ஆகையால் படத்தரத்தில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் பெரிய இடைவெளி இருக்க வழியில்லை. இடைவெளி இருப்பது கையில். படம் எடுக்க வேண்டும் என்று நினைத்த நொடிக்கும் படம் பதிவாகும் நொடிக்கும் இடையில் அந்தக் கேமரா நம்மை எத்தனை இடங்களில் நிறுத்துகிறது என்பதே என் கேள்வியாக இருந்தது. அதற்காக ஒரு கேமராவை எடுத்து, அதன் உடலமைப்பையும் பட்டன்களையும் ஒவ்வொன்றாகச் சோதித்து, மாற்றக்கூடியவற்றை மாற்றியும் பார்த்தேன்.

தயாரிப்பாளரின் பெயர் இங்கே தேவையில்லை. இதே அச்சில் வார்த்த கேமராக்கள் பல. 20 மெகாபிக்சல், 8 மடங்கு ஜூம், 2.7 அங்குலத் திரை, பேட்டரியோடு சேர்த்து ஏறக்குறைய 125 கிராம் எடை. லென்ஸின் உண்மையான குவியத்தூரம் 5 மி.மீ. முதல் 40 மி.மீ. வரை; முழுச்சட்டக் கணக்கில், அதாவது 35 மி.மீ. படச்சுருள் அளவுள்ள சென்சாருக்கு ஈடாகச் சொன்னால், அது 28 முதல் 224 வரை. அப்பர்ச்சர், அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளை, ஜூம் செய்யாத அகலக்கோணத்தில் எஃப் 3.2, ஜூமின் மறுமுனையில் எஃப் 6.9; இந்த எண் கூடக்கூட உள்ளே வரும் ஒளி குறையும். ஆப்டிகல் நடுக்கத்தடுப்பு (கை அசைவை லென்ஸே ஈடுசெய்யும் வசதி) கிடையாது. இந்தக் கடைசி விவரத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் ஷட்டர் பட்டனைப் பற்றிப் பின்னால் சொல்லப்போவதற்கெல்லாம் அதுதான் அடிப்படை.

முதலில் பிடிமானம். முன்பக்கம் வழவழப்பான பிளாஸ்டிக்; விரல் பற்றிக்கொள்ள ஒரு மேடு கூட இல்லை. வலது கையின் நடுவிரல் முன்புறத்திலும் கட்டைவிரல் பின்புறத்திலும் நிற்க, ஆள்காட்டி விரல் மேலே ஷட்டர் பட்டனுக்குப் போகிறது. பின்புறத்தில் திரைக்கும் உடலின் விளிம்புக்கும் நடுவே கட்டைவிரலுக்கு ஒதுக்கிய இடத்தில் சிறு புள்ளிகள் சில மேலெழும்பி இருக்கின்றன. அவற்றுக்கு நேர் மேலேயே வீடியோ பட்டன் இருக்கிறது. கேமராவைப் பையிலிருந்து எடுக்கும்போது கட்டைவிரல் இயல்பாகச் சென்று நிற்கும் இடம் அந்தப் பட்டன்தான். விளைவாக, நடைபாதையையும் சட்டைக் கையையும் படம்பிடித்த சிறு வீடியோக்கள் கார்டில் சேர்ந்துகொண்டே இருந்தன. இடது கைக்கு இன்னொரு சிக்கல்: பிளாஷ், பிடித்திருப்பவரின் இடப்பக்க மேல் மூலையில் இருப்பதால், இரு கைகளாலும் பிடிக்கும்போது இடது ஆள்காட்டி விரல் அதன்மேல் படிந்துவிடுகிறது. விரலை மடக்கிப் பின்னுக்குக் கொண்டுபோகப் பழகிக்கொள்ளலாம். ஆனால் கேமராவை வேறொருவரிடம் கொடுத்து நம்மை எடுக்கச் சொல்லும்போது அவருக்கு அந்தப் பழக்கம் இருக்காது.

மேல்தட்டில் பவர் பட்டனும் ஷட்டர் பட்டனும் அடுத்தடுத்து இருக்கின்றன. பவர் பட்டன் உடலின் மட்டத்தோடு மட்டமாகப் பதிந்திருப்பது நல்ல முடிவு. பைக்குள் தானாக அழுந்தி, லென்ஸ் குழல் வெளியே வர இடமின்றித் துணியில் முட்டி நிற்பதுதான் இந்த வகைக் கேமராக்களின் மோட்டாரையும் பல்சக்கரங்களையும் கெடுக்கும் முதன்மையான காரணங்களுள் ஒன்று. ஷட்டர் பட்டன் சற்று உயர்ந்து, அதைச் சுற்றி ஜூம் லீவரின் வளையம் இருப்பதால், இரண்டையும் பார்க்காமலே பிரித்தறிய முடிகிறது. கண்ணை மூடிக்கொண்டு கேமராவை எடுத்து, இயக்கி, ஜூம் செய்து, படம் எடுத்து, அணைப்பது என்ற வரிசையைச் செய்து பார்த்தேன். மேல்தட்டு இந்தச் சோதனையில் தடுமாறவில்லை. பின்தட்டுதான் தடுமாறியது: பிளே பட்டனும் மெனு பட்டனும் ஒரே அளவு, ஒரே வடிவம், ஒரே உயரம். தொட்டு அறிய எந்த அடையாளமும் இல்லை.

இனி ஷட்டர் பட்டன். ஒரு காம்பாக்ட் கேமராவில் மற்ற பட்டன்கள் அனைத்தும் சுமாராக இருந்து இது ஒன்று மட்டும் நன்றாக இருந்தால் அந்தக் கேமராவோடு வாழ்ந்துவிடலாம். மற்றவை நன்றாக இருந்து இது சரியில்லை என்றால் முடியாது என்பது என் கருத்து. பாதி அழுத்தினால் ஃபோகஸும் ஒளியளவும் பூட்டப்படும். முழுவதும் அழுத்தினால் படம் பதிவாகும். இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே விரலுக்கு ஒரு தெளிவான தடை தெரிய வேண்டும். அந்தத் தடையைக் கடக்க அதிக வலு தேவைப்படவும் கூடாது. இந்தக் கேமராவில் முதல்நிலை மென்மையாகவும் குறைந்த ஆழத்திலும் வந்துவிடுகிறது. இரண்டாம் நிலைக்குக் கொடுக்க வேண்டிய அழுத்தமோ கூடுதலாக இருக்கிறது. 125 கிராம் எடையுள்ள ஒரு பொருளின் வலது ஓரத்தில் அப்படி அழுத்தினால், பொருளே சாயும்.

எவ்வளவு சாய்கிறது என்று பார்க்க ஓர் எளிய ஏற்பாடு செய்தேன். கறுப்பு அட்டையொன்றில் நடுவிலும் நான்கு மூலைகளிலும் ஊசியால் துளையிட்டு, பின்னால் ஒரு விளக்கை வைத்து, அறையை இருட்டாக்கி, சட்டகம் முழுவதும் அட்டை நிரம்பும்படி கையில் பிடித்துப் படம் எடுத்தேன். பிளாஷை அணைத்துவிட்டால் கேமரா தானாகவே நீண்ட ஷட்டர் நேரத்தைத் தேர்ந்துகொள்கிறது. ஒரு முறை விரலால் அழுத்தியும், மறுமுறை 2 நொடி டைமர் வைத்தும் எடுத்த படங்களை ஒப்பிட்டால், டைமர் படத்தில் ஐந்து துளைகளும் ஒழுங்கற்ற சிறு புழுக்கள் போல் இருந்தன. அது கையின் பொதுவான நடுக்கம். விரலால் அழுத்திய படத்தில் நடுத்துளை சற்றே செங்குத்தாக நீண்டிருக்க, மூலைத்துளைகள் ஒவ்வொன்றும் ஒரே திசையில் வளைந்த சிறு வில்லாகப் பதிவாகியிருந்தன. நடுவில் குறைவாகவும் மூலைகளில் அதிகமாகவும் அசைவு தெரிகிறதென்றால், கேமரா மேலும் கீழும் நகர்ந்ததைக் காட்டிலும் லென்ஸின் அச்சைச் சுற்றிச் சுழன்றதே அதிகம் என்று பொருள். ஷட்டர் பட்டன் லென்ஸிலிருந்து விலகி வலது ஓரத்தில் இருப்பதும், இடப்பக்கத்தைத் தாங்கக் கை இல்லாததும் சேர்ந்து உண்டாக்கும் சுழற்சி இது. பெரிய கேமராக்களில் உடலின் எடையும் கைப்பிடியும் இதை விழுங்கிவிடும். இங்கே விழுங்குவதற்கு எதுவும் இல்லை.

அடுத்தது தாமதம். கணினித் திரையில் ஸ்டாப்வாட்ச் ஓடவிட்டு அதைப் படம் எடுப்பது பலருக்கும் தெரிந்த முறைதான். ஆனால் விரல் எந்த நொடியில் அழுத்தியது என்பது அதில் தெரியாது. ஆகவே கைபேசியை ஸ்லோமோஷனில், நொடிக்கு 240 சட்டகங்கள் என்ற கணக்கில், கணினித் திரையும் ஷட்டர் பட்டன்மேல் இருக்கும் விரலும் ஒன்றாகத் தெரியும்படி நிறுத்திப் பதிவு செய்தேன். விரல் அடிமட்டத்தைத் தொடும் சட்டகத்தில் ஸ்டாப்வாட்ச் காட்டும் நேரத்தையும், கேமரா எடுத்த படத்தில் உறைந்திருக்கும் நேரத்தையும் கழித்தால் தாமதம் கிடைத்துவிடும். கணினித் திரை நொடிக்கு 60 முறைதான் புதுப்பிக்கப்படுகிறது என்பதால், நொடியில் அறுபதில் ஒரு பங்குக்குக் குறைவான வேறுபாட்டை இந்த முறையில் நம்ப முடியாது. இந்த வகைக் கேமராவுக்கு அந்தத் துல்லியமே போதும்.

ஒரே அழுத்தில் இறுதிவரை அழுத்தினால், நல்ல வெளிச்சத்திலும் தாமதம் அரை நொடியைத் தாண்டியது. வெளிச்சம் குறைந்த அறையில் ஃபோகஸ் உதவி விளக்கு எரிந்து, லென்ஸ் முன்னும் பின்னும் தேடி, அதன் பிறகே படம் பதிவானது. முன்கூட்டியே பாதி அழுத்தி வைத்திருந்து, பிறகு முழுவதும் அழுத்தினாலோ, தாமதம் நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. இந்தக் கேமரா மெதுவானது என்று குறைப்படுகிறவர்களில் பலர், அதன் நேரத்தின் பெரும்பகுதி ஃபோகஸில்தான் செலவாகிறது என்பதையும், அந்தச் செலவை முன்னதாகவே செய்துவிட முடியும் என்பதையும் பார்ப்பதில்லை. குழந்தை ஓடிவரப் போகிறது என்றால், அது வந்து நிற்கப்போகும் தூரத்தில் உள்ள வேறொரு பொருளில் பாதி அழுத்திப் பூட்டிக்கொண்டு காத்திருக்கலாம். முதல்நிலையின் மென்மை இங்கே உதவுகிறது, விரல் சோர்வதில்லை.

திரையைப் பற்றி ஒரு கணக்கு. பெட்டியில் 2,30,000 புள்ளிகள் என்று போட்டிருக்கிறார்கள். அதில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிப் புள்ளிகளாக எண்ணப்பட்டிருக்கின்றன. மூன்றால் வகுத்தால் 320க்கு 240, அதாவது 76,800 பிக்சல்கள்தான். படத்தின் அகலமோ ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பிக்சல்கள். ஆக, திரையில் தெரியும் ஒவ்வொரு பிக்சலுக்கும் பின்னால் படத்தின் 250க்கும் மேற்பட்ட பிக்சல்கள் ஒளிந்திருக்கின்றன. ஃபோகஸ் சரியா என்பதை இந்தத் திரையில் முழுப்படமாகப் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. பிளேயில் போட்டு ஜூம் லீவரால் பெரிதாக்கித்தான் பார்க்க வேண்டும். அதைவிட எனக்குத் தொல்லையாகப்பட்டது பார்வைக் கோணம். கேமராவைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக் கீழிருந்து பார்த்தால் திரையின் நிழல்கள் தலைகீழாகிப் படச்சுருள் நெகடிவ் போல் தெரிகின்றன. இடுப்பளவில் தாழ்த்திப் பிடித்தால் எல்லாம் வெளுக்கின்றன. எனவே திரையை நம்பி ஒளியளவைத் தீர்மானிப்பது, கேமராவை முகத்துக்கு நேராகப் பிடிக்கும்போது மட்டுமே பொருந்தும்.

ஒளியளவைத் திருத்தும் வழியை இந்தக் கேமரா நன்றாகவே ஒளித்து வைத்திருக்கிறது. ஆட்டோ நிலையில் எக்ஸ்போஷர் திருத்தம் இல்லவே இல்லை. சில அமைப்புகளை நாமே மாற்றக்கூடிய புரோகிராம் நிலைக்கு மாறி, நடுவிலுள்ள செட் பட்டனை அழுத்தி, இடப்பக்கம் வரும் பட்டியலில் கீழே இறங்கி, அந்த வரிக்கு வந்த பிறகுதான் மூன்றில் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இருமடங்காவது அல்லது பாதியாவது) வீதம் கூட்டவோ குறைக்கவோ முடியும். நான்கு திசைப் பட்டன்களில் மேல் திசை ஆட்டோ நிலைக்குத் தாவவும், வலம் பிளாஷுக்கும், இடம் மேக்ரோவுக்கும் (மிக அருகிலுள்ள பொருளை எடுக்கும் நிலை), கீழ் திரையில் தெரியும் தகவல்களை மாற்றவும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஜன்னலுக்கு எதிரே நிற்பவரின் முகம் கறுத்துவிடாமல் எடுக்க வேண்டுமென்றால் தேவைப்படுவது திருத்தம்தான். திரைத் தகவலை மாற்றும் வேலைக்கு அந்தக் கீழ்ப் பட்டனைக் கொடுத்த வடிவமைப்பாளர், வெளிச்சத்துக்கு எதிரே யாரையும் நிறுத்திப் பார்க்கவில்லை என்றே தோன்றுகிறது. மாற்று வழி ஒன்று உண்டு: ஒளி ஏற்றத்தாழ்வுள்ள காட்சியில், இருண்ட பகுதியை நோக்கிப் பாதி அழுத்தி ஒளியளவைப் பூட்டிக்கொண்டு, அழுத்தத்தை விடாமல் சட்டகத்தைத் திருப்பலாம். ஃபோகஸும் கூடவே பூட்டப்படும் என்பதால், பூட்டும் இடமும் எடுக்கும் பொருளும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருக்க வேண்டும்.

மெனுவில் அப்பர்ச்சரை நாமே தேர்ந்தெடுக்கும் வசதி எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன், இல்லை. இதை மென்பொருளில் மறைத்துவிட்டார்கள் என்று சிலர் நினைப்பதுண்டு. உண்மையில் மறைக்க எதுவும் இல்லை என்பதை ஒரு சோதனை காட்டியது. அகலக்கோணத்தில், மேக்ரோ நிலையில், ஓர் அளவுகோலைச் சாய்வாக வைத்து, முதலில் மங்கிய வெளிச்சத்திலும் பிறகு கடும் வெயிலிலும் எடுத்தேன். படத்தோடு பதிவாகும் விவரங்களில் முதலாவது எஃப் 3.2 என்றும் இரண்டாவது எஃப் 9 என்றும் இருந்தது. இடைப்பட்ட எண் எதுவும், வெளிச்சத்தை எப்படி மாற்றினாலும், வரவேயில்லை. அப்பர்ச்சர் உண்மையிலேயே எஃப் 9க்குச் சுருங்கியிருந்தால் அளவுகோலில் தெளிவாகத் தெரியும் பகுதி நீண்டிருக்க வேண்டும். இரு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, தெளிவு தொடங்கும் கோடும் முடியும் கோடும் இரண்டிலும் ஒன்றேதான். ஆகவே உள்ளே விரிந்து சுருங்கும் இதழ்கள் இல்லை. வெளிச்சம் மிகும்போது ஒளியின் குறுக்கே ஒரு சாம்பல்நிற ஃபில்டர் வந்து விழுகிறது. எஃப் 9 என்பது அது தடுக்கும் ஒளியின் அளவைச் சொல்ல எழுதப்பட்ட எண். ஏறக்குறைய 3 ஸ்டாப்.

இதில் வடிவமைப்பாளர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இவ்வளவு நெருக்கமான பிக்சல்கள் கொண்ட சென்சாரில் பிக்சலின் அகலம் 1.2 மைக்ரான் அளவுதான். எஃப் 9 துளையில் பச்சை ஒளி விளிம்பு வளைவால் பரவி உண்டாக்கும் புள்ளியின் விட்டமோ 12 மைக்ரானைத் தொடும். துளையைச் சுருக்கினால் படம் குழைந்துபோகும், ஃபில்டர் போட்டால் குழையாது. சிறு சென்சாரில் தெளிவின் ஆழம் (முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் தூரம்) இயல்பாகவே அதிகம் என்பதால், சுருக்கி அடையப்போகும் நன்மையும் சொற்பம்.

ஜூம் லீவர் மெல்லத் தொட்டாலும் ஒரு படி தாவுகிறது; படிகளுக்கு நடுவே நிற்க முடியாது. முழு ஜூமில் அப்பர்ச்சர் எஃப் 6.9 ஆகிவிடுவதால், அகலக்கோணத்தோடு ஒப்பிட்டால் சென்சாரை அடையும் ஒளி நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. கையால் பிடித்து நடுக்கமின்றி எடுக்க அங்கே நொடியில் 200இல் ஒரு பங்காவது தேவை. வீட்டுக்குள் அந்த வேகம் கிடைக்காது. நடுக்கத்தடுப்பு என்று மெனுவில் இருப்பது மென்பொருள் வேலை. ஊசித்துளைச் சோதனையில் அதை இயக்கியும் அணைத்தும் பார்த்தபோது வில்கள் வில்களாகவே இருந்தன.

பேட்டரிக் கதவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பேட்டரியும் எஸ்டி கார்டும் அடிப்பக்கம் ஒரே கதவுக்குள் இருக்கின்றன. டிரைபாட் திருகு, உலகெங்கும் வழங்கும் அதே கால் அங்குல அளவுதான். ஆனால் அது கதவை ஒட்டியே இருப்பதால், டிரைபாடில் பூட்டிய கேமராவில் கார்டை மாற்ற முடியாது. பேட்டரியை வெளியே எடுத்து சார்ஜரில் போட வேண்டிய அமைப்பு என்பதால் கதவு அடிக்கடி திறக்கப்படும். பேட்டரித் தாழ்ப்பாளை நகத்தால் தள்ளும்போது பக்கத்திலுள்ள கார்டும் அழுந்தி, ஸ்பிரிங்கால் பாதி வெளியே வந்துவிடுகிறது. அப்படியே கதவை மூட முயன்றால், கீலாக இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக்கின்மேல்தான் வலு முழுவதும் இறங்கும். கதவை மூடுமுன் கார்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

மாற்றங்களுக்கு வருகிறேன். உடலைத் திறக்கும் எண்ணம் தொடக்கத்திலிருந்தே இல்லை: பிளாஷுக்கான கெபாசிட்டர், பேட்டரியைக் கழற்றிய பின்னும் சில நூறு வோல்ட் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். வெளியிலிருந்து ஒட்டக்கூடியவற்றை மட்டும் ஒட்டினேன். முன்பக்கத்தில் நடுவிரல் நிற்கும் இடத்தில், பின்பக்கம் பசையுள்ள ரப்பர்ப் பட்டையை விரல் அகலத்துக்கு நறுக்கிச் செங்குத்தாக ஒட்டினேன்; ஒட்டுமுன் பிளாஸ்டிக்கை ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்து எண்ணெய்ப்பசையை நீக்கினேன். நறுக்கும் வேலையைக் கேமராவின் அருகே வைத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும், ஏனெனில் ரப்பர்த் தூள் லென்ஸ் குழலின் இடைவெளிக்குள் போனால் வெளியே எடுக்க வழியில்லை. வீடியோ பட்டனைச் சுற்றி மெல்லிய ஸ்பாஞ்சு டேப்பில் ஒரு வளையம் வெட்டி ஒட்டினேன். வளையத்தின் உயரம் பட்டனைவிடச் சற்றே அதிகம் என்பதால், கட்டைவிரல் மேலே படிந்தாலும் பட்டன் அழுந்துவதில்லை, விரல் நுனியால் வேண்டுமென்றே குத்தினால்தான் அழுந்துகிறது. பிளே பட்டனின் நடுவில் நிறமற்ற நகப்பூச்சில் ஒரு சொட்டு. காய்ந்ததும் அது ஒரு சிறு குமிழாகி, கண்ணை மூடிக்கொண்டும் மெனு பட்டனிலிருந்து அதைப் பிரித்துக் காட்டுகிறது.

அமைப்புகளில் மாற்றியவை குறைவு. ஃபோகஸ் பகுதியைத் தானியங்கித் தேர்விலிருந்து நடுப்புள்ளிக்கு மாற்றினேன். அப்போதுதான் பாதி அழுத்தத்தில் எது பூட்டப்படுகிறது என்பது நம் கையில் இருக்கும். டிஜிட்டல் ஜூமை அணைத்தேன். கேமரா புரோகிராம் நிலையில் அணைக்கப்பட்டால் அதே நிலையில் விழிக்கிறது. பிளாஷ் அணைப்பும் நினைவில் நிற்கிறது, பாராட்ட வேண்டியதுதான். ஆனால் மேக்ரோவும் நினைவில் நிற்கிறது. முந்தைய நாள் பூவை எடுத்துவிட்டு அணைத்தால், மறுநாள் தெருவை எடுக்கும்போது ஃபோகஸ் பூட்டாமல் மஞ்சள் சட்டம் மின்னிக்கொண்டிருக்கும். காரணம் திரையின் ஓரத்தில் அரிசி அளவில் ஒரு பூ அடையாளமாக இருக்கும்.

ரப்பர்ப் பட்டை ஒட்டிய பிறகு ஊசித்துளைச் சோதனையைத் திரும்பச் செய்தேன். அகலக்கோணத்தில் மூலை வில்கள் கண்ணுக்குத் தெரியும்படி குறுகின; நடுவிரலுக்குப் பற்றுக் கிடைத்ததால் ஆள்காட்டி விரலின் அழுத்தத்தை எதிர்த்துப் பிடிக்க முடிகிறது. இடது கையின் கட்டைவிரலைக் கேமராவின் இடப்பக்க அடிமூலைக்குக் கீழே முட்டுக் கொடுத்தால் இன்னும் குறைகிறது, அந்தப் பிடியில் பிளாஷை விரல் மறைப்பதும் தானாகவே நின்றுவிடுகிறது. முழு ஜூமில் மட்டும் எந்தப் பிடியும் பெரிய மாற்றம் தரவில்லை. அங்கே கேமராவை ஏதாவது ஒன்றின்மேல் சாய்த்து வைத்து 2 நொடி டைமரில் எடுப்பதே வழி. அந்த டைமரோ நேரடிப் பட்டன் எதுவும் இல்லாமல் செட் பட்டியலுக்குள் இருக்கிறது, ஒவ்வொரு முறை அணைத்து இயக்கும்போதும் அதை மீண்டும் தேடிப் போட வேண்டும்.